வலியைத் தாங்குவதுதான் ஈமானா? மதீனாவின் கூடாரத்திலிருந்து மன்னார்க் கரை வரை



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

இந்த வருடத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், மோர்பின் குடுக்கிறது ஹராமா? அதக் குடுத்தா ஆள் கெதியா மௌத்தாகிடுமாமே?" மூன்று பேரின் வீட்டிலும் புற்றுநோய். மூன்று வீட்டிலும் வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வீட்டில் மாத்திரைகள் அலுமாரிக்குள் அப்படியே இருந்தன. நோயாளி இரவிரவாக முனகிக்கொண்டிருந்தார்.

நான் ஆலிம் அல்ல. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். ஹலால், ஹராம் தீர்ப்பை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம், படித்த உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நோயின் வலியை என்ன செய்வது, சாகப்போகிறவரை எப்படிப் பார்ப்பது என்று 1,400 வருடங்களாக முஸ்லிம்கள் யோசித்திருக்கிறார்கள். அந்த வரலாறு தெரிந்தால் பயம் பாதி குறையும். அதைத்தான் எழுதுகிறேன்.

*

முதலில் மதீனாவுக்குப் போவோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ்ப்போர். ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு பட்டு நரம்பு அறுந்தது. பக்கத்தில் இருந்து அடிக்கடி பார்ப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே அவருக்குக் கூடாரம் போடச் செய்தார்கள். காயப்பட்டவர்களைப் பராமரித்த ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரம் என்று ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. ஸஃத் (ரழி) பிழைக்கவில்லை. காயம் திரும்பவும் திறந்து ஷஹீதானார்கள். அப்படியானால் அந்தக் கூடாரம் வீணா? இல்லை. குணமாக்க முடியாதவரையும் ஒதுக்குப்புறமாகக் கிடத்தாமல், பள்ளிக்குள், எல்லோரும் வந்து பார்க்கும் இடத்தில் வைத்துப் பராமரித்தார்கள். எமது சமூகத்தின் முதல் நோயாளர் விடுதி அதுதான்.

அடுத்தது, நபி (ஸல்) அவர்களின் கடைசி நோய். ஹிஜ்ரி 11. இதை நாங்கள் மீலாத் மேடைகளில் கேட்டு அழுதிருக்கிறோம். ஒரு தாதியின் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

எங்கே படுத்திருப்பது என்பதை நோயாளியே தெரிவு செய்கிறார்கள். மற்ற மனைவியரிடம் அனுமதி கேட்டு ஆயிஷா (ரழி) அவர்களின் அறைக்கு வருகிறார்கள். காய்ச்சல் கடுமையாகிறது. ஏழு தோற்பைகளின் தண்ணீரைத் தம்மீது ஊற்றச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர். கையை நனைத்து நனைத்து முகத்தில் தடவிக்கொள்கிறார்கள். ஆயிஷா (ரழி) பாதுகாவல் சூராக்களை ஓதி, அவர்களின் கையாலேயே அவர்களின் உடலைத் தடவிவிடுகிறார்கள். மிஸ்வாக் குச்சியை மென்று மிருதுவாக்கிக் கொடுக்கிறார்கள். கடைசியில் ஆயிஷா (ரழி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்தபடியே உயிர் பிரிகிறது.

விரும்பிய இடம், குளிர்த்தண்ணி, வாய்ச் சுத்தம், தொடுகை, ஓதல், சாய்ந்துகொள்ள ஓர் ஆள். இன்று "பலியேட்டிவ் கெயார்" படித்த தாதியரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான்.

மரணத்துக்கு ஸகராத் உண்டு, வேதனை உண்டு என்று நபியவர்களே அந்த நேரத்தில் சொன்னார்கள். அதைப் பார்த்த பிறகு, யாருக்காவது மரணம் கஷ்டமாக வந்தால் அதை நான் கெட்ட அடையாளமாக எடுத்ததில்லை என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) பேசியிருக்கிறார்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டுப் போறாரே, என்ன பாவம் செய்தாரோ" என்று ஜனாஸா வீட்டில் காதுக்குள் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு சம்பவமும் அந்த நாட்களில் நடந்தது. நபியவர்கள் மயக்கமாக இருந்தபோது வீட்டார் வாயின் ஓரத்தால் ஒரு மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்து என்றாலே பிடிக்காதுதானே என்று நினைத்து வீட்டார் விடவில்லை. தெளிந்ததும் நபியவர்கள் கண்டித்தார்கள். அந்த இடத்தில் இல்லாத அப்பாஸ் (ரழி) அவர்களைத் தவிர, வீட்டில் இருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள். புகாரியில் இருக்கிற செய்தி. நோயாளி வேண்டாம் என்றால் அது வெறும் அடம் அல்ல, அவருடைய சொல்லுக்குப் பெறுமதி உண்டு என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

*

"அப்படியெண்டா ஸபர் செய்யுறது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நோய் பாவத்தைக் கழுவும் என்பது எமது ஈமானின் பகுதி. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸபர் யாருடைய தெரிவு என்பதையும் வரலாறு சொல்கிறது.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண் நபியவர்களிடம் வந்து துஆ கேட்டார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டு வழியையும் அவர் முன்னால் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிந்தார். ஆனால் விழும்போது ஆடை விலகாமல் இருக்க துஆ கேட்டார். அதற்கு நபியவர்கள் துஆ செய்தார்கள். இங்கே இரண்டு விடயம் இருக்கிறது. தெரிவு அந்தப் பெண்ணுடையது. அவருடைய அண்ணனோ மகனோ அவருக்காக ஸபரைத் தெரிவு செய்யவில்லை. அடுத்தது, நோயைப் பொறுத்துக்கொண்டவரும் தன் மானம் காக்கப்பட வேண்டும் என்று கேட்டார். அது கிடைத்தது.

பயான்களில் அடிக்கடி கேட்கும் மற்றக் கதை உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களுடையது. ஆயிஷா (ரழி) அவர்களின் சகோதரி மகன், மதீனாவின் பெரும் அறிஞர். காலில் அழுகல் நோய் வந்து காலை வெட்ட வேண்டிவந்தது. உணர்வு போக ஒரு பானம் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டார். அந்தப் பொறுமை பெரிய பொறுமைதான். ஆனால் அந்தக் கதையில் மறந்துவிடும் ஒன்று உண்டு. வேண்டாம் என்றவர் அவரே. அவருக்கு அந்தப் பானத்தைக் கொடுக்க முன்வந்தவர்களும் முஸ்லிம்கள்தான்.

பிறகு வந்த ஃபுகஹாக்கள் உர்வாவின் பொறுமையை எல்லோருக்கும் சட்டமாக்கினார்களா? இல்லை. எங்கள் மத்ஹப் ஷாஃபிஈ. எங்கள் மத்ரஸாக்களில் மின்ஹாஜ் ஓதப்படுகிறது. வீடுகளில் ரியாழுஸ் ஸாலிஹீன் வாசிக்கப்படுகிறது. இரண்டையும் எழுதிய இமாம் நவவி (ரஹ்) 1277ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அழுகிய கையை வெட்டுவதற்காக ஒருவரின் உணர்வைப் போக்க வேண்டி வந்தால், மது அல்லாத பொருளால் அப்படிச் செய்யலாமா என்ற கேள்வியை அவர்கள் எடுத்துப் பேசி, கூடும் என்பதே சரியான கருத்து என்று முடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் 'பன்ஜ்' என்று சொல்லப்பட்ட மயக்கச் செடிகள் இருந்தன. இன்பத்துக்காக எடுத்தால் ஹராம். வெட்டும் வலியைத் தணிக்க எடுத்தால் கூடும். பொருள் ஒன்றுதான். நோக்கமும் தேவையும்தான் சட்டத்தை மாற்றுகின்றன. ஏறத்தாழ 750 வருடங்களுக்கு முன்பே எங்கள் மத்ஹபின் பெரிய இமாம் பேசி முடித்த விடயம் இது.

*

மருந்து எடுப்பது தவக்குலுக்கு மாற்றமா என்பதும் புதிய கேள்வி அல்ல. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதை விரிவாகப் பேசுகிறார்கள். காரணிகள் மூன்று வகை என்கிறார்கள். நிச்சயமாகப் பயன் தருபவை: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி. இவற்றை விடுவது தவக்குல் அல்ல, உயிராபத்து வந்தால் அப்படி விடுவது ஹராம். பெரும்பாலும் பயன் தருபவை: வைத்தியரின் மருந்துகள். இவற்றை எடுப்பது தவக்குலுக்கு மாற்றமல்ல, சில நிலைகளில் விடுவதும் குற்றமல்ல. மூன்றாவது, வெறும் ஊகத்தில் செய்பவை. இந்த வரிசையை வைத்து இன்று பார்த்தால், புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் கொடுக்கும் மோர்பின் எந்த வகையில் வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

கஸ்ஸாலிக்கு முன்பே இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்திருந்தார். குத்துவது, எரிவது, அழுத்துவது, துடிப்பது என்று. வலியைத் தணிக்கும் மயக்க மருந்துகளில் அபினை மிகவும் வலுவானதாகச் சொன்ன அவர், அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் எச்சரித்தார். அதாவது, அபின் என்பது ஐரோப்பியர் கொண்டுவந்து முஸ்லிம்களிடம் திணித்த பொருள் அல்ல. முஸ்லிம் வைத்தியர்கள் அளந்து பயன்படுத்திய மருந்து. அதிலிருந்து மோர்பினை ஒரு ஜெர்மன் மருந்தாளர் பிரித்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

பீமாரிஸ்தான்களையும் சொல்ல வேண்டும். மம்லூக் சுல்தான் கலாவூன், சுல்தானாக வருமுன் டமஸ்கஸில் கடும் வயிற்று வலியில் விழுந்தார். அங்கிருந்த நூருத்தீனின் ஆஸ்பத்திரியின் மருந்தால் சுகமானார். அதிகாரம் கிடைத்தால் இப்படி ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். 1284இல் கெய்ரோவில் அவருடைய மன்ஸூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பணக்காரர், ஏழை, ஆண், பெண், அடிமை, சுதந்திரர் என்று வித்தியாசம் இல்லை. செலவு முழுக்க வக்ஃபிலிருந்து. சுகமாகிப் போகிறவருக்கு மட்டுமல்ல, அங்கேயே இறப்பவரின் குளிப்பாட்டல், கபன், அடக்கம் எல்லாவற்றுக்கும் வக்ஃபில் ஏற்பாடு இருந்தது. பள்ளிவாசல் சொத்து என்றால் கட்டடமும் கடைவாடகையும்தான் என்று நினைக்கும் எங்களுக்கு இது நல்ல பாடம்.

*

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். மூன்று விடயங்களை நாங்கள் ஒன்றாகக் குழப்புகிறோம். உயிரைப் போக்குவது ஒன்று. பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவது இன்னொன்று. வலியைத் தணிப்பது மூன்றாவது.

முதலாவது ஹராம். அதில் உலமாக்களிடம் கருத்து வேற்றுமை இல்லை. வலி தாங்காமல் தன் கையை வெட்டி இரத்தம் ஓடி இறந்த முன்னைய சமூகத்து மனிதரைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். துன்பத்துக்காக மரணத்தை ஆசைப்படவும் கூடாது. தாங்க முடியாவிட்டால், வாழ்வு நல்லதாக இருக்கும்வரை வாழவை, மரணம் நல்லதானால் மரணிக்கச் செய் என்ற கருத்தில் துஆ கேட்கச் சொன்னார்கள். குவைத்தில் 1981இல் வெளியான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கக் கோவை, இரக்கத்தின் பேரிலும் வைத்தியர் உயிரைப் பறிக்கக்கூடாது என்கிறது. இலங்கைச் சட்டமும் அதை அனுமதிக்காது.

இரண்டாவது, பயனில்லாத சிகிச்சை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1986இல் அம்மானில் கூடியபோது உயிர்காப்புக் கருவிகள் பற்றித் தீர்மானம் எடுத்தது. மூளையின் செயற்பாடு முழுவதும் நின்று, திரும்ப வராது என்று நிபுணர்கள் உறுதிப்படுத்தினால் கருவிகளை அகற்றலாம் என்றது. சவூதியின் நிரந்தர ஃபத்வாக் குழுவும் 1980களின் கடைசியில், நம்பகமான மூன்று நிபுணர்கள் இனிப் பயனில்லை என்று முடிவு செய்தால் நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் முயற்சியைச் செய்யாமல் விடலாம் என்ற கருத்தைச் சொன்னது. இது கொலை அல்ல. வந்துவிட்ட அஜலின் பாதையில் இயந்திரத்தைக் குறுக்கே போடாமல் இருப்பது. ஆனால் இந்த முடிவு வைத்தியர்களும் உலமாக்களும் குடும்பமும் சேர்ந்து எடுப்பது. தேத்தண்ணிக் கடையில் எடுப்பதல்ல.

மூன்றாவது, வலியைத் தணிப்பது. 1992இல் ஜித்தாவில் அதே அகடமி மருத்துவம் பற்றித் தீர்மானித்தபோது, சுகப்படுத்த முடியாது என்று வைத்தியர்கள் சொன்ன நோயாளியையும் கைவிடக்கூடாது, சுகமாகுமா ஆகாதா என்பதைப் பார்க்காமல் அவருடைய உடல் வேதனையையும் மன வேதனையையும் தணிக்க வேண்டும் என்று வைத்தியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சொன்னது. கவனியுங்கள், இது ஒரு சலுகையாகச் சொல்லப்படவில்லை, கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

மோர்பின் கொடுத்தால் கெதியாக மௌத்தா? வைத்தியர் சிறிய அளவில் தொடங்கி, வலிக்கேற்ப அளவைக் கூட்டிக் கொடுக்கும்போது அது ஆளைக் கொல்வதில்லை. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் வரலாம். பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் வரும், அது தானாகப் போகாது, அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. கடைசி நாட்களில்தான் பல பேருக்கு இந்த மருந்து தொடங்கப்படுகிறது. அதனால்தான் மருந்துக்குப் பிறகு மௌத்து வருவதைப் பார்த்து, மருந்தால் மௌத்து வந்தது என்று நினைக்கிறோம். ஜனாஸாத் தொழுகைக்கு முன் சந்தூக்கு வருவதால் சந்தூக்கு ஆளைக் கொன்றது என்று யாராவது சொல்வோமா?

*

எமது கரையில் இந்தப் பயத்துக்குத் தனிக் காரணங்களும் இருக்கின்றன. அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'போதை' என்ற சொல். பாக்கு நீரிணையைக் கடந்து கஞ்சா மூட்டை வருவதும் பிடிபடுவதும் தலைமன்னார், பேசாலைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை நாசமாகியிருக்கிறது. மோர்பின் இந்த நாட்டில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1984இல் கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டம் கடுமையானது. சட்டம் தேவைதான். ஆனால் கடத்தல்காரனின் பொட்டலத்துக்கும் வைத்தியர் கையெழுத்திட்ட மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால், தண்டனை படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டாவது, அந்நிய மண்ணில் மரணம் என்ற பழைய காயம். இந்தக் கரை அதை நிறையப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து இங்கே இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்த தோட்டத் தொழிலாளர்களில் காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1905இல் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக்காக எழும்பிய ஓலை நகரத்தில் கீழக்கரையாரும் காயல்பட்டினத்தாரும் அரபிகளும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பிறகு 1990 ஒக்டோபர். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் எங்கள் ஆட்கள் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் உப்புக்குளத்திலிருந்தும் கடற்கரைக்கு வந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வயோதிபர்களையும் படுக்கை நோயாளிகளையும் கதிரையிலும் சாரத்திலும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எத்தனை பெரியவர்கள், 'என்னை எங்கட மையவாடியில அடக்குங்க' என்று சொல்லியே கண் மூடினார்கள். அந்தத் தலைமுறைக்கு நல்ல மரணம் என்றால் முதலில் சொந்த ஊரில் மரணம்.

மூன்றாவது, கொரோனா. 2020 மார்ச் 31 முதல் 2021 பெப்ரவரி கடைசி வரை இந்த நாட்டில் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறகு அடக்கம் செய்யலாம் என்றபோது முதலில் சொன்ன இடம் எங்கள் கடலுக்குள் இருக்கும் இரணைதீவு. அந்தத் தீவு மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஓட்டமாவடி. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. ஆனால் அந்தப் பதினொரு மாதங்களில், 'ஆஸ்பத்திரிக்குப் போனா மையித்தும் கிடைக்காது' என்ற பயம் பல வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த நிலைமை போய்விட்டது. பயம் மட்டும் மிச்சமாக இருந்து, இன்று வலியில் கிடக்கும் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாமல் தடுக்கிறது என்றால் அதை நாங்கள் கழற்றி வைக்க வேண்டும்.

*

எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் எம்.ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி, நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் போதைப்பொருள் சட்டம் கடுமைதான். மோர்பின் வெளியே கசியும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அந்தக் கிளினிக்கில் இரண்டு வருடங்களில் 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு வாயால் எடுக்கும் வலி மருந்து கொடுத்து, ஒன்றுகூடத் தவறாகப் போகவில்லை என்ற ஆய்வு 2001இல் வெளியானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில், வைத்தியர்களை மட்டும் நம்பியிராமல் ஊர்மக்களே இதைக் கையில் எடுத்தார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வீட்டுப் பெண்கள், கல்லூரி மாணவர்கள் பயிற்சி எடுத்தார்கள். வாரத்தில் சில மணித்தியாலம் அயலில் உள்ள நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று பார்த்தார்கள், வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். காசு பெரும்பாலும் ஊருக்குள்ளேயே சேர்ந்த சில்லறைதான். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்கவில்லை. 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

இதன் பெறுமதி தெரிய வேண்டுமானால் உலக நிலையைப் பாருங்கள். 2017இல் லான்செட் ஆணைக்குழு வெளியிட்ட கணக்குப்படி, 2015இல் உலகில் இறந்தவர்களில் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் கடும் வேதனையோடு இறந்தார்கள். வருடத்துக்கு விநியோகமாகும் 298.5 தொன் வலி மருந்தில் மிக வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன். இலங்கை அந்த அளவுக்கு மோசமில்லை. எங்கள் அரச ஆஸ்பத்திரிகள் இலவசம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது, வடக்கில் தெல்லிப்பழை இருக்கிறது. 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புத் திட்டச் சட்டகம் ஒன்றையும் சுகாதார அமைச்சு வெளியிட்டது. ஆனால் மன்னாரிலிருந்து மஹரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். கடைசி மாதத்தில் இருக்கும் ஒருவரை வேனில் ஏற்றி அந்த றோட்டில் ஆட்டி ஆட்டிக் கொண்டுபோவது எப்போதும் அன்பாகாது. சில நேரம் வீட்டில் வைத்து வலி இல்லாமல் பார்ப்பதுதான் அன்பு.

*

அப்படியானால் என்ன செய்யலாம்? சின்னச் சின்னதாகச் சொல்கிறேன்.

நோயை நோயாளியிடமிருந்து மறைக்காதீர்கள். ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) மக்காவில் கடும் நோயில் இருந்தபோது, மௌத்தாகிவிடுவேன் என்று நினைத்து வஸிய்யத் பற்றி நபியவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒன்று என்ற சட்டம் அந்தப் பேச்சில்தான் எங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் இன்னும் வாழக்கூடும் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். அவர் அதற்குப் பிறகு 40 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். வஸிய்யத்தும் நம்பிக்கையும் ஒரே படுக்கையில் இருக்கலாம். உண்மையை மறைத்தால் கடன் கொடுக்கவும், மாப்புக் கேட்கவும், வஸிய்யத் சொல்லவும் அவருக்கு இருக்கும் நேரத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சிகிச்சையால் என்ன பயன்? வலிக்கு என்ன ஏற்பாடு? இரவில் வலி கூடினால் என்ன செய்வது? வெட்கப்படாதீர்கள், வைத்தியர் கோபிக்கமாட்டார்.

தொழுகைக்காக மருந்தை நிறுத்தாதீர்கள். நிற்க முடியாதவர் இருந்து, இருக்க முடியாதவர் படுத்து, அதுவும் முடியாதவர் சைகையால் தொழலாம். தண்ணீர் முடியாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. சலப்பை போட்டவருக்கும் சட்டம் இருக்கிறது. விழித்திருந்து தொழவும் கலிமா சொல்லவும் ஆசைப்படும் நோயாளி அதை வைத்தியரிடம் சொல்லட்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், வலி தணிந்தவரால்தான் மனமொன்றித் தொழ முடியும்.

சாப்பாட்டை வாயில் திணிக்காதீர்கள். கடைசி நாட்களில் பசி குறைவது இயல்பு. நோயாளியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் திர்மிதியில் ஓர் அறிவிப்பும் இருக்கிறது. அவர் கேட்டால் கொடுங்கள், வாயை நனைத்துக்கொண்டே இருங்கள். ஆயிஷா (ரழி) நோயாளிகளுக்கு பார்லிக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் கஞ்சிக்கா பஞ்சம்?

கலிமாவை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்பத் திரும்ப நெருக்க வேண்டாம் என்று உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று கத்துவது தல்கீன் அல்ல.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தூக்கும் கபனும் எல்லாப் பள்ளியிலும் தயாராக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சாய்த்து உயர்த்தும் கட்டில் ஒன்று, காற்று மெத்தை ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று, மலகூடக் கதிரை ஒன்று, இவற்றையும் வக்ஃபாக வாங்கி வையுங்கள். ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். பேசாலையில் கிடக்கும் கத்தோலிக்கச் சகோதரருக்கும் திருக்கேதீச்சரப் பக்கத்து ஐயாவுக்கும் போகட்டும். கலாவூனின் ஆஸ்பத்திரி வாசலில் யாருடைய அந்தஸ்தையும் கேட்கவில்லை, நாங்கள் ஏன் கேட்க வேண்டும்? இளைஞர்களில் பத்துப் பேர், பெண்களில் பத்துப் பேர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பயிற்சி எடுத்தால் போதும், ஒரு ஊரையே பார்க்கலாம். மையித்தைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்ட எங்களுக்கு, உயிரோடு இருப்பவரின் முதுகுப்புண்ணைக் கழுவக் கற்றுக்கொள்வது கஷ்டமா?

அலுமாரிக்குள் மாத்திரை இருக்கிற வீட்டாருக்கு ஒரு சொல். வலியோடு கிடப்பவர் தன் விருப்பத்தில் பொறுத்தால் அது அவருக்குக் கூலி. அவரைக் கேட்காமல் நாங்கள் மருந்தை மறைத்து வைத்துவிட்டு, அதற்கு ஸபர் என்று பெயர் வைக்க முடியாது. அவரிடம் கேளுங்கள். வேண்டும் என்று சொன்னால் வைத்தியர் சொன்ன நேரத்துக்கு, வைத்தியர் சொன்ன அளவில், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுங்கள்.

எமது நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அஜல் வந்தவர்களுக்கு இலகுவான மரணத்தையும், சொந்தங்கள் சூழ்ந்த நேரத்தையும், நல்ல முடிவையும் தருவானாக. ஆமீன்.

ஆலிம்கள், வைத்தியர்கள், தாதியர் யாராவது வாசித்தால் சேர்க்க வேண்டியதைக் கீழே எழுதுங்கள். பயனுள்ளது என்று நினைத்தால் குடும்பக் குழுமங்களுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் துஆக்களில் என் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.